துருவில்லாத மனிதனின் இடது கையுறை

மனிதகுலத்தின் நீதி உணர்ச்சி வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை காலையில், அமெரிக்காவின் டொலீடோ நகரத்து காமிக்ஸ் கடை ஒன்றின் கல்லாவுக்குப் பக்கத்தில் விழித்துக்கொள்கிறது. மற்ற நாட்களில் நீதிமன்றங்களை வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

அந்த நீதியை வழங்குபவர் வெண்டெல் குருப்கா. வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நசுங்கிய காரை நேரில் பாராமலே 'நசுங்கவில்லை' என்று முடிவு சொல்லும் பொறுப்பான பதவி. புதிய காமிக்ஸ்கள் நாடு முழுவதும் புதன்கிழமைதான் கடைக்கு வரும் என்பதால், அவருக்குப் புதன்தோறும் தவறாமல் முதுகுவலி வந்துவிடும். வலியோடு கடைக்கு வந்து, செல்போனைக் கல்லாமேல் சாய்த்து வைத்து, நேரலையில் அந்த வார இதழ்களைப் பற்றி 'புதன் தீர்ப்பு' வாசிப்பார். ஊர் ஊராக ரசிகர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள்.

அவருடைய நேர்மைக்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி வாங்குவார். ஒன்று பாதுகாத்து வைக்க. மற்றொன்று, முதல் பிரதிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்குப் பதிலாகப் பாதுகாத்து வைக்க. இரண்டையும் பருத்திக் கையுறை போட்ட கையால் எடுத்து, பின்னால் அட்டை கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் இட்டு ஒட்டிவிடுவார். பக்கத்தைப் புரட்டினால் இதழின் முதுகு மடிப்பில் கோடு விழும். கோடு விழுந்தால் 'புத்தம்புது நிலை' போய், 'வாசிக்கப்பட்ட நிலை' வந்துவிடும். ஒரு காமிக்ஸுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது.

"படிச்சுட்டுக் கருத்துச் சொல்றது யாரால வேணா முடியும்" என்பார். "அட்டையைப் பார்த்துச் சொல்றதுக்குத்தான் அனுபவம் வேணும்."

அந்தப் புதன்கிழமை அவர் கடை திறக்கும் முன்பே வந்துவிட்டார். 'துருவில்லாத மனிதன்' தொடர் இந்த இதழிலும் விற்காவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று பதிப்பகம் அறிவித்திருந்தது. வெண்டெலுக்கு அவன் என்றால் உயிர். அப்பாவும் அம்மாவும் பிரிந்த வருடம், இரண்டு வீடுகளுக்கும் நடுவே பஸ்ஸில் அலைந்த ஒன்பது வயதுப் பையனின் மடியில் கிடந்தவன் அவன்தான். அப்போதெல்லாம் வெண்டெல் பிரித்துப் படித்தார். அது அறியாத வயது.

துருவில்லாத மனிதன் இடது கையுறையை மட்டும் எந்தக் காலத்திலும் கழற்றியதில்லை. குளிக்கும்போதும் இல்லை, கல்யாணத்தன்றும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வாதாடி ரசிகர்கள் நட்பை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இதழின் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'கையுறை கழல்கிறது'.

தீர்ப்பு தொடங்கியது.

"முதல்ல 'பாரோமீட்டர் தளபதி'. அட்டையில மேகம் சாம்பல் கலர்ல இருக்கு. போன மாசம் நீலமா இருந்துச்சு. ஆசிரியருக்கு வாழ்க்கையில நம்பிக்கை போயிடுச்சு. பத்துக்கு நாலு. அடுத்து, 'அந்துப்பூச்சிப் பேரரசன்'. கையில எடுத்தா கனமே இல்லை. கதையிலயும் கனம் இருக்காது. பத்துக்கு ரெண்டு."

கூட்டத்தில் ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். வெண்டெலின் பரம எதிரியும் போட்டி விமர்சகனுமான லைல் மட்டும், "ரெண்டு ஜாஸ்தி" என்று முனகினான். அவனும் படித்திருக்கவில்லை.

"கடைசியா, 'துருவில்லாத மனிதன்'." வெண்டெல் இதழை இரு கையாலும் தூக்கிப் பிடித்தார். "என்ன ஒரு கதை. மனித மனசோட ஆழத்தை இப்படி யாரும் தொட்டதில்லை. கடைசிப் பக்கத்துல நான் அழுதுட்டேன். பத்துக்குப் பத்து."

கடை முதலாளி டோலரஸ் விஸ்னியெவ்ஸ்கி, உள்ளே தின்பண்டம் கூடாது என்று தானே எழுதி ஒட்டிய பலகையின் கீழ் நின்று ஜாம் வைத்த போலந்து பன்னான பூன்ச்கியை மென்றுகொண்டு, "நீ எப்போடா அழுதே? பெட்டியை இப்பதானே உடைச்சேன்" என்றாள்.

"உள்ளுக்குள்ள அழுதேன், டோலரஸ்."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்மணி முன்னே வந்தாள். கொரின் ஃபெட்சர். அந்தத் தொடரைப் பதினோரு வருடமாக எழுதி வரைபவள், அதே ஊர்க்காரி. விரலில் மை.

"ரொம்ப நன்றிங்க. எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிச்சுது?"

"பக்கம் பக்கமா பிரிச்சுப் பார்க்கிற ஆள் நான் இல்லீங்க" என்றார் வெண்டெல். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மாலைக்குள் டொலீடோவில் ஒரு பிரதி மிச்சமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நாடு முழுவதும் தீர்ந்துவிட்டது. வாழ்நாளில் முதன்முறையாக வெண்டெல் ஓர் உயிரைக் காப்பாற்றியிருந்தார். லைல்கூட தன் இணையதளத்தில் கடைசிப் பக்கத்தைப் புகழ்ந்து எழுதி, தான் வெண்டெலைவிட அதிகமாக அழுததாகக் குறிப்பிட்டான்.

சனிக்கிழமை பேரிடி விழுந்தது. நெப்ராஸ்காவில் ஒரு பல் மருத்துவமனையில், கடைவாய்ப் பல் வலியோடு காத்திருந்த ஒருவர், வேறு பொழுதுபோக்கு இல்லாமல், மேசையில் கிடந்த இதழைத் திறந்துவிட்டார். ரசிகர் அல்ல, சாதாரண மனிதர். உள்ளே குளியல் தொட்டிகள் இருந்தன. பக்கத்துக்கு நான்கு தொட்டி, அளவுகளோடு, நிறங்களோடு. கடைசிப் பக்கத்தில் வடிகால் மூடிகள்.

பதிப்பகம் விளக்கம் வெளியிட்டது: அச்சகத்தில் ஒரு தொட்டிக் கம்பெனியின் விலைப்பட்டியலோடு உள்பக்கங்கள் மாறிவிட்டன, சில பிரதிகளில் கதை இருக்கிறது, மற்றவற்றில் தொட்டி இருக்கிறது, எதில் எது என்று 'தற்சமயம் கூறுவதற்கில்லை'.

கடையில் அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்தில் கவலை ஒன்றே ஒன்றுதான். அச்சுப்பிழை உள்ள பிரதிக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. தன் பிரதியில் பிழை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் திறக்க வேண்டும். திறந்தால் மவுசு போய்விடும்.

"லைட்டுக்கு நேரா புடிச்சுப் பார்ப்போம்" என்றான் லைல்.

"அட்டை கலர் வெளுத்துடும்" என்றார் வெண்டெல். சபை நடுங்கியது.

"ஏம்பா, நீதான் கடைசிப் பக்கத்துல அழுதியே" என்று டோலரஸ் கேட்டாள். "வடிகால் மூடியைப் பார்த்தா அழுதே?"

வெண்டெல் சற்றும் கலங்கவில்லை. "அது ஒரு குறியீடு, டோலரஸ். எல்லாம் ஒருநாள் வடிஞ்சு போகும்னு சொல்றாங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரும் எதையும் திறப்பதில்லை என்று ஏகமனதாக 'தீர்மானம்' நிறைவேறியது.

செவ்வாய்க்கிழமை பதிப்பகம் அடுத்த அறிவிப்பை வெளியிட்டது. துருவில்லாத மனிதன் நிறுத்தப்பட மாட்டான். தொட்டி இதழ்தான் வரலாற்றிலேயே அதிகம் விற்றதாம். ஆகவே இனி மாதம் ஒன்பது விதமான அட்டைகள். உள்ளே நிரந்தரமாகத் தொட்டிகள். அதற்கான செலவைத் தொட்டிக் கம்பெனியே ஏற்கிறது. கதாசிரியர், ஓவியர் பணியிடம் 'வாசகர்களின் விருப்பத்தை மதித்து' நீக்கப்படுகிறது.

அன்று மத்தியானம் கொரின் கடைக்கு வந்தாள். வெண்டெல் ஒட்டுநாடாவோடு உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா, தொடரை நிறுத்தலை" என்றார்.

"என்னை நிறுத்திட்டாங்க."

வெண்டெல் ஒட்டுநாடாவைக் கீழே வைத்தார். அவளுக்காக உண்மையிலேயே வருந்தினார். "நீங்க வரையற கோடு நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க" என்றார்.

கொரின் அவர் கையில் இருந்த பிரதியை வாங்கி, உறையோடு சேர்த்து ஓரத்தில் லேசாக விரலால் அழுத்திப் பார்த்தாள். "இது தொட்டி இல்லை. கதைக்கு வேற தாள், கொஞ்சம் தடிமனா இருக்கும். இதுல கையுறை கழலுது. பதினோரு வருஷமா இதுக்காகத்தான் வரைஞ்சேன். வரைஞ்ச மூலப் படமெல்லாம் பதிப்பகத்துக்கிட்ட இருக்கு. எங்கிட்ட ஒரு பிரதிதான் இருந்துச்சு, அதுலயும் தொட்டிதான். இனிமே அச்சடிக்க மாட்டாங்க. திறங்க. யாராவது ஒருத்தர் படிச்சாப் போதும்."

வெண்டெல் இதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அலைந்த அந்தப் பையன் உள்ளேயிருந்து, திற, திற என்று கெஞ்சினான். கதைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நகம் அளவுதான் தூரம்.

"அப்ப இது பிழை இல்லாத பிரதி" என்றார் மெதுவாக. "பிரிக்காமலே கதை இருக்குன்னு தெரிஞ்ச ஒண்ணே ஒண்ணு இதுவாத்தான் இருக்கும்."

"ஆமா."

வெண்டெல் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஒரு துளி விழுந்தாலும் அட்டை கெட்டுவிடும். பிறகு அதை இரண்டாவது உறைக்குள் இட்டு, நான்கு பக்கமும் ஒட்டினார். கொரின் வெளியே போனாள்.

இப்படியாக, பீரங்கிக்கும் பூகம்பத்துக்கும் அசையாத துருவில்லாத மனிதன் புத்தம்புது நிலையில் உயிர் துறந்தான். அவன் உடலில் ஒரு கீறல் கிடையாது. எந்த எதிரியின் கையும் அவன்மேல் படவில்லை. ரசிகனின் கையும் படவில்லை.