மாமாவின் போனில் காணாமல் போன பொத்தான்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் மகள் நலமா என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. அங்கு நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் வலது கண் இன்னும் அப்படியே இருப்பதற்கு நானே காரணம் என்பதால், அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

நாலு முறை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. ஐந்தாம் முறை அத்தை எடுத்து, "அவரு பேசமாட்டாராம். என்ன நடந்துச்சுன்னு எழுத்துமூலமா விளக்கம் கொடுக்கச் சொல்றாரு" என்றார்கள். முப்பத்தைந்து வருடம் தலைமை எழுத்தராக இருந்து எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டவர் நீங்கள். வீட்டு மாப்பிள்ளையிடம் கேட்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அத்தை படித்துக் காட்டினால் நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துவிடுவார்கள் என்பதால், நீங்களே படிக்கும்படி தடித்த பேனாவால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் பிடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தேதி கொடுத்த கண் ஆஸ்பத்திரிக்கு அந்தச் செயலியைச் செய்துகொடுத்தது எங்கள் ஆபீஸில் நாங்கள் நாலு பேர். ஆபரேஷன் தேதி போனில் வரும், நோயாளி அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் "உறுதி செய்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். "எல்லாப் போன்லயும் ஓடணும்" என்று டாக்டர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அந்த ஒரு வாக்கியத்தில் எட்டு மாதம் போய்விட்டது. உலகத்தில் எத்தனை விதமான போன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது மாமா, தெரியாமலே இருங்கள். ஒன்று ஒல்லியாக நெட்டையாக இருக்கும், ஒன்று குட்டையாக அகலமாக இருக்கும், இன்னொன்று பர்ஸ் மாதிரி மடங்கும், மடங்கின இடத்தில் நாங்கள் போட்ட தேதி ரெண்டாகப் பிளந்து நிற்கும். ஒரு போனில் கேமராவுக்காக நெற்றியில் ஓர் ஓட்டை, அது நோயாளி பெயரின் முதல் எழுத்தை விழுங்கிவிட்டது. சரி என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கீழே இறக்கினோம், பழைய போன்களில் பொத்தான் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. மேலே ஏற்றினோம், ஓட்டை மறுபடியும் பெயரைத் தின்றது. இப்படியே ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி, சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரர், லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர் என்று ஒருத்தர் விடாமல் பழைய போன் கேட்டு வாங்கி, என் மேஜை மேல இருபத்தாறு போன், அத்தனைக்கும் சார்ஜர், ஒண்ணோட சார்ஜர் இன்னொண்ணுல நுழையாது. ஒரு போன் எழுந்து உட்கார்ந்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். மேலாளர் தினமும் வந்து தன் போனை நீட்டி, "என் போன்ல நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார். பேசாமல் அவர் போனையே எல்லா நோயாளிகளுக்கும் முறை வைத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இதில் எங்கள் வடிவமைப்பாளர் ஒருவர். ஆபீஸில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். எழுத்து பொடியாக இருந்தால்தான் அழகு, திரை மேலும் கீழும் நகர்ந்தால் அழகு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. "ஒரே பார்வையில எல்லாம் தெரியணும் சார், இழுத்து இழுத்துப் பாக்குறது அசிங்கம்" என்று திரையை நகரவே விடாமல் ஆணி அடித்துவிட்டார். நீங்களோ எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருக்கிறீர்கள், உங்கள் போனில் ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல் நிற்காது. எங்கள் செயலியும் உங்கள் போன் சொன்ன பேச்சைக் கேட்டு எழுத்தைப் பெரிதாக்கியது. ஆஸ்பத்திரி பெயரும் உங்கள் பெயரும் தேதியுமே திரை முழுக்க உட்கார்ந்துகொண்டன, பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. இழுத்தாலும் வராது. "கீழே உள்ள பொத்தானை அழுத்தவும்" என்ற வரி மட்டும் மிச்சம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம், போனைத் திருப்பிப் பின்பக்கமும் தடவிப் பார்த்தீர்களாம், அத்தை சொன்னார்கள். சரியாகப் பன்னிரண்டுக்கு "தங்கள் விருப்பப்படி தேதி ரத்து செய்யப்பட்டது, நன்றி" என்று வந்தது. அந்த நன்றியைப் போட்டது நான்தான், மரியாதையாக இருக்கட்டும் என்று. அடுத்த தேதி பத்து வாரம் கழித்து.

விளக்கத்தை இத்தோடு நிறுத்தி, பழியை மில்லிமீட்டர் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம். மனசு கேட்கவில்லை. சோதனைப் பட்டியலில் நூற்றி நாற்பது வரி, ஒவ்வொன்றையும் போனில் பார்த்து டிக் போட வேண்டியது என் வேலை. நூற்றி முப்பத்தெட்டாவது வரி, "மிகப் பெரிய எழுத்து". அதற்கு வந்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம், கழுத்து வலி, திங்கட்கிழமை செயலியை வெளியே விட்டாக வேண்டும். எழுத்தை அவ்வளவு பெரிதாக யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பார்க்காமலே டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் வீட்டுக்கு வந்து, "என்ன மாமா, போன்ல போஸ்டர் ஒட்டியிருக்கீங்க" என்று கேலி செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள். படிக்க முடியாமல் நீங்கள் செய்தித்தாளை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது என்று உங்கள் மகள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது மாமா.

மேலாளரிடம் போய் நின்றேன். "ஒரே ஒருத்தருக்காக எப்படி மாத்த முடியும்? உங்க மாமனாரை எழுத்தைச் சின்னதாக்கிக்கச் சொல்லுங்க" என்கிறார். ஆகவே, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதைக் கொண்டுவரும் உங்கள் மகளிடம் போனைக் கொடுங்கள். அவள் எழுத்தைச் சின்னதாக்குவாள், பொத்தான் திரைக்குள் வரும், காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டு மறுபடி பெரிதாக்கிக் கொடுத்துவிடுவாள். யாராவது வராமல் போனால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கலாம். என் மேல் உள்ள கோபத்தில் மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். கோபம் என் மேல், கண் உங்களுடையது.

அத்தைக்கு என் வணக்கம். வழக்கமாக உங்கள் ஆசியைக் கேட்டு முடிப்பேன். இப்போது அதைக் கேட்கும் நிலையில் இல்லை. திட்டுவதென்றால் நேரில் திட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டாக்டரே கூப்பிட்டுவிட்டார். எழுத்தைச் சின்னதாக்க வேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இந்த வாரம் தேதி வாங்கிய அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தெட்டு பேர் உறுதி செய்யவில்லையாம். கண் சரியாகத் தெரியாதவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாகத்தான் வைத்திருப்பார்கள் என்பது, கண் ஆஸ்பத்திரிக்காக எட்டு மாதம் உழைத்த எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பொத்தானைப் பார்த்து அழுத்திய நாலு பேரை மறுபடி சோதித்ததில், ரெண்டு பேருக்கு ஆபரேஷனே தேவையில்லையாம். டாக்டர் மூன்று நாளாக ஆபரேஷன் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "எல்லாருக்கும் என் மேல நம்பிக்கை போயிடுச்சோன்னு பயந்துட்டேங்க" என்றார், பாவம். நாளை காலை எட்டு மணிக்கு உங்களுக்கு ஆபரேஷன். உங்கள் மகள் கூட்டிவருவாள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கட்டுப் பிரிக்கும்போது நான் தள்ளி நின்றுகொள்கிறேன். தெளிவாகத் தெரிகிற முதல் முகம் அத்தையுடையதாக இருக்கட்டும், என்னைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம்.