சம்பந்திக்குச் சொன்ன ரூம் வாடகை விவரம்

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை அருள்ராஜ் அவர்களுக்கு, திருவண்ணாமலை செங்கம் ரோட்டிலிருந்து மாமனார் ராமகிருஷ்ணன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியார் தங்கம்மாளும் வாடகைக்கு வந்தவர்களும் சுகம். அங்கு நீங்களும் மதிவதனியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனைத் தொடவே பயமாக இருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது, "எதுக்கு மாமா ரெண்டு போனைத் தூக்கிட்டு அலையறீங்க? ஒரே போன்ல ரெண்டு சிம்மும் போட்டுக்கலாமே" என்று புதுசு வாங்கித் தந்தீர்கள். நல்ல மனசு. ஆனால் என் ஏற்பாடு உங்களுக்குத் தெரியாது. சட்டைப்பை போன் அடித்தால் சொந்தக்காரர்கள், இருமிக்கொண்டே எடுப்பேன். மேஜை போன் அடித்தால் ரூம் கேட்பவர்கள், சிரித்துக்கொண்டே எடுப்பேன். பௌர்ணமியன்று சட்டைப்பை போனை அணைத்துவிடுவேன். நாலு ரூமை வைத்துக்கொண்டு கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் வேறு எப்படிப் பிழைப்பது?

புதுப் போனில் யார் கூப்பிட்டாலும் ஒரே பாட்டு. எந்த சிம் என்று எறும்பு சைஸில் காட்டுகிறது, நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் நின்றுவிடுகிறது. அதனால் பார்க்காமலே எடுக்க ஆரம்பித்தேன். என் தம்பி முறைக்காரன் சடையன், "அண்ணே, பெரியப்பா விடிகாலைல போயிட்டாரு" என்றான். "சாவியக் குடுத்துட்டுப் போனாரா?" என்று கேட்டுவிட்டேன். இன்னொரு நாள் நம் மதிவதனிதான் என்று நினைத்து, எடுத்ததும் "சாப்டியா கண்ணு?" என்றேன். அது ஆசிரமத்துக்கு வந்த ஜெர்மன்காரம்மா. அதை ஏதோ மந்திரம் என்று எடுத்துக்கொண்டு, இப்போது தினமும் மலையைப் பார்த்துக் கைகூப்பி "சாப்டியா கண்ணு" என்கிறார்.

இதோடு போயிருந்தால் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். போன பௌர்ணமியன்று காலையில் உங்கள் அப்பா ஆற்காட்டிலிருந்து போன் பண்ணி, கிரிவலத்துக்கு வருகிறோம், ராத்திரி தங்க இடம் இருக்குமா என்று கேட்டார். மாடியில் பூச்சு வேலை நடக்கிறது, தண்ணீரும் வரவில்லை என்று சொல்லிவைத்தேன். சாயங்காலம் மறுபடி போன் அடித்தது. ஒரு பெண் குரல், ரூம் இருக்கா என்றது. நான் உற்சாகமாக, "வாங்க மேடம்! மாடில ஏசி ரூம், எந்நேரமும் வெந்நீர் வரும், வீட்டாளுங்க தொல்லையே கிடையாது" என்றேன்.

"அப்படிங்களா சம்பந்தி? நான் வள்ளி பேசறேன். காலைல பூச்சு வேலைனு சொன்னீங்களாமே?"

"அது மொத சிம்ல சொன்னதுங்க, இது ரெண்டாவது சிம்மு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்கள் அப்பாவும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வந்தார்கள். அதே ஏசி ரூமைத்தான் திறந்துவிட்டேன். அம்மா தங்கம்மாளோடு மலை சுற்றப் போனார். அப்பா காபிகூடத் தொடவில்லை. காலையில் கிளம்பும்போது என்னைப் பார்க்காமல் தங்கம்மாளிடம், "வளைகாப்புக்கு வந்தா நாங்க வெளிய லாட்ஜ்ல தங்கிக்கறோம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். மாப்பிள்ளை, அப்போது எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது. தங்கம்மாள் அன்றிலிருந்து என்னிடம் ஜாஸ்தி பேசுவதில்லை.

நீங்கள்தான் அப்பாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். மாமா திருந்திவிட்டார், இனி ஒரே போன், ஒரே பேச்சு, பௌர்ணமியோ அமாவாசையோ மாடி ரூம் சொந்தங்களுக்குத்தான் என்று சொல்லுங்கள். பிள்ளைத்தாச்சியை ஸ்கூட்டரில் ஏற்றாதீர்கள். நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார் ராமகிருஷ்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் உங்கள் அம்மா கூப்பிட்டார், தங்கம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவுக்குக் கோபம் தணிந்துவிட்டதாம். ரூம் ரொம்பப் பிடித்துப்போய், வரும் பௌர்ணமிக்கு ஒரு வேன் நிறைய ஆட்களோடு வருகிறார்களாம். வாய் நிறைய "வாங்க வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் மட்டும் அன்று காலையில் அவர்களைக் கூப்பிட்டு, மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு ஒரு சாவுக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள், பெற்ற பிள்ளை அல்லவா.