சிறுமலைப் பயணத் திட்டக் குழு

மலையேறுவது யாராலும் முடியும். ஆடு ஏறுகிறது, குரங்கு ஏறுகிறது. ஆனால் மலையேறத் ‘திட்டமிடுவது’ மனிதகுலத்துக்கு மட்டுமே வாய்த்த வரம். அந்த மனிதகுலத்திலும், மதுரை ஆனையூரில் குடியிருக்கும் எனக்குத்தான் அது முழுமையாக வாய்த்திருக்கிறது.

சம்பவம் சித்திரை வெயிலில் தொடங்கியது. என் மனைவி சரண்யாதேவி தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்திருந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, வடக்கே நீலமாகத் தெரிந்த மலையைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏங்க, வார ஞாயித்துக்கெழம சிறுமலைக்குப் போயிட்டு வருவமா? காலையில கெளம்புனா சாயங்காலம் வந்துறலாம். கொஞ்ச நேரம் மரத்தடியில சும்மா உக்காரணும் போல இருக்கு.”

சாதாரணக் கணவனாக இருந்தால் “சரி” என்று சொல்லியிருப்பான். நான் அலுவலகக் கண்காணிப்பாளர். கூட்டம் போடாமல் ‘சரி’ சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

அன்று மாலையே டீக்கடையில் ‘சிறுமலைப் பயணத் திட்டக் குழு’ உதயமானது. தலைவர் நான், போட்டியின்றித் தேர்வு. தேர்தலை நடத்தியதும் நானே. வாகனப் பொறுப்பு, ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பன் அழகுபாண்டிக்கு, வேன் அவனுடையது. ஆலோசகர், பக்கத்து வீட்டு இம்மானுவேல். கல்யாணமாகாதவர் என்பதால் குடும்பச் சுற்றுலா குறித்து அசைக்க முடியாத கருத்துகள் வைத்திருந்தார்.

“மாப்ள, கறி இல்லாம மலையேறுனா அதுக்குப் பேரு பாதயாத்திரை,” என்று அழகுபாண்டி விவாதத்தைத் தொடங்கி வைத்தான்.

“அண்ணே, கொண்டை ஊசி வளைவு இருக்கு. கறியத் தின்னுட்டு ஏறுனா, நமக்கு முந்தி கறி எறங்கிரும்,” என்றார் இம்மானுவேல்.

நெடுநேர விவாதத்துக்குப் பின், உணவு குறித்து ஆராயத் துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழுவிலும் நாங்கள் மூவரே இருந்ததால், அது அங்கேயே கூடி அதே விவாதத்தைப் புத்துணர்ச்சியோடு தொடங்கியது.

வாரம் முழுக்கக் கூட்டம் நடந்தது. வெள்ளிக்கிழமை தெருமுனையில் அழகுபாண்டியின் கைவண்ணத்தில் ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது. ‘சிறுமலைக்கு வருகை தரும் பெருமலைகளே, வருக வருக!’ வரவேற்க வேண்டியது சிறுமலை. பலகை நின்றதோ ஆனையூரில். எங்கள் மூவரின் முகமும் ஆள் உயரத்துக்கு இருந்தது. நடுவில் கூலிங் கிளாஸுடன் ‘பயணத் தலைவர் அருள்பாண்டி’.

சரண்யாதேவி அதை மேலும் கீழும் பார்த்தாள். “போகணும்னு சொன்னது நானு. நான் எங்க?”

“கீழ பாரு, ‘மற்றும் குடும்பத்தார்’னு போட்டிருக்கு,” என்று பெருந்தன்மையோடு காட்டினேன்.

ஞாயிறும் வந்தது. சரண்யாதேவி புளியோதரை கட்டி முடித்து, அழகுபாண்டியின் மனைவி முத்துமீனாவோடு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் முன்சீட்டுப் பிரச்சினை வெடித்தது.

“வளைவுல எனக்கு வாந்தி வரும்ணே. நான் முன்னாடிதான் உக்காருவேன்,” என்றார் இம்மானுவேல்.

“தலைவர் பின்சீட்டுல உக்காந்து போனதா வரலாறே இல்ல தம்பி,” என்றேன்.

“வண்டி என்னுது. எவன் எங்க உக்காரணும்னு நான் சொல்றேன்,” என்றான் அழகுபாண்டி.

தெருவோரம் அவசரக் கூட்டம் கூடியது. டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருந்த முத்துமீனா ஹார்ன் அடித்தாள். ‘பொறுங்கள்’ என்று கை காட்டினேன். மறுபடியும் அடித்தாள். இந்தத் தடவை தலைவருக்குரிய கம்பீரத்தோடு கை காட்டினேன். வேன் கிளம்பியது.

“அண்ணே, வண்டி போகுது.”

“திருப்பி நிறுத்தத்தான் போறாக. நீ விஷயத்துக்கு வா.”

ஃபிளெக்ஸ் சட்டங்களை ஏற்றிக்கொண்டு மதுரை முழுக்க அந்த வேனை ஓட்டுவது முத்துமீனாதான் என்ற தகவலை அழகுபாண்டி குழுவின் கவனத்துக்குக் கொண்டுவந்தபோது, முன்சீட்டு குறித்து ஒருமனதாக முடிவெடுத்திருந்தோம். சீட்டுதான் இல்லை.

சரண்யாதேவிக்குப் போன் போட்டேன். ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்’ என்றது ஒரு பெண்குரல். அந்தக் குரலில் கொஞ்சம் மகிழ்ச்சி தெரிந்ததாக எனக்குப் பட்டது.

மதியம் ஆக ஆக எனக்குப் பயம் வந்தது. வேன் பழசு, வளைவுகள் மோசம். வெயிலில் மொட்டை மாடிக்கு ஏறி மலையைப் பார்த்தேன். கீழே வந்தேன். மறுபடி ஏறினேன். அன்றைக்கு நான் ஏறிய உயரம் அவ்வளவுதான்.

பொழுது சாயும்போது வேன் வந்து நின்றது. மலைவாழைப்பழ வாசனையோடு இருவரும் இறங்கினார்கள். போன உயிர் வந்தது. வந்ததும் கோபப்பட்டேன். “எங்கள விட்டுட்டுப் போனது நியாயமா?”

“விட்டுட்டா?” என்றாள் முத்துமீனா. “ரெண்டு தடவ ஆர்ன் அடிச்சேண்ணே. நீங்கதான கையக் காட்டி வழியனுப்பி வச்சீக!”

வீட்டுக்குள் வந்ததும் சரண்யாதேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

“எப்படி இருந்துச்சு?”

“அம்புட்டு அமைதிங்க. ரெண்டு பேரும் மரத்தடியில உக்காந்தே இருந்தோம். ஒரு குரங்கு வந்து புளியோதரையத் தூக்கிட்டுப் போச்சு. அதுகூடச் சத்தமில்லாமத்தான் தூக்கிட்டுப் போச்சு. யாரும் யாருக்கும் எதையும் வெளக்கலங்க.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “காட்டுல ஏன் அமைதியா இருக்குன்னா, அதுக்கு மூணு காரணம் இருக்கு. மொதக் காரணம் என்னன்னா...”

அவள் அதற்குள் தூங்கியிருந்தாள்.

மூன்று காரணங்களையும் தனியாக உட்கார்ந்து பரிசீலித்தேன். ஒன்று, மரங்கள். இரண்டு, உயரம். மூன்று, நான் அங்கே இல்லாதது. முதல் இரண்டும் இயற்கை தந்தவை. மூன்றாவது மட்டும், குழுத் தலைவர் என்ற முறையில், முழுக்க முழுக்க என்னுடைய பங்களிப்பு.