மிரானின் இடது கன்னம்

"ஏழு நாளைக்கு ஒண்ணும் பூசாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனேம்மா!"

"நான் ஒண்ணும் பூசலையே," என்றாள் மிரான். "க்ரீம் மட்டும்தான் போட்டேன்."

தொலைபேசியின் மறுமுனையில் தோல் கிளினிக் ஆலோசகி பெருமூச்சு விட்டாள். "என்ன க்ரீம்?"

மிரான் குப்பைக்கூடையிலிருந்து சாம்பிள் பாக்கெட்டை எடுத்து, கையை நீட்டி வைத்து எழுத்துக் கூட்டினாள். "ரெ... ட்டி... னால்."

"ஐயோ! லேசர் போட்ட தோல் புண்ணு மாதிரிம்மா. அதுமேல போய் ரெட்டினாலா? உரியும், எரியும், முன்னைவிடக் கறுக்கும். சாதா ஈரப்பசை க்ரீம், வெயில் க்ரீம், இது ரெண்டு போதும். சனிக்கிழமை வந்து காட்டுங்க."

"சனிக்கிழமை எனக்கு உயிர் போற வேலை இருக்கு!"

உண்மைதான். சனிக்கிழமை மதியம் இரு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அதில் சரியென்றால்தான் மகள் செயோனுக்கும் கியுவோனுக்கும் கல்யாணம்.

சியோல் நகரத்து மாங்வோன் சந்தையில் இருபத்திரண்டு வருடமாகத் தொடுகறிக் கடை நடத்துகிறாள் மிரான். இடது கன்னத்தில் சோயாப் பயறு அளவுக்கு ஒரு மங்கு. அதை அவள் சட்டை செய்ததே இல்லை. போன மாதம் மாப்பிள்ளையின் அம்மா செயோனிடம் ஒரு படம் கேட்டுவிட்டாள். "உங்க அப்பா அம்மா படம் ஒண்ணு அனுப்பும்மா. செயலியில திருத்தாததா இருக்கட்டும்."

சியோலில் பாஸ்போர்ட் படத்தையே திருத்தித்தான் தருவார்கள். திருத்தாத படம் கேட்பது வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணுவதற்குச் சமம். அனுப்பிய மூன்றாம் நாளே "நேரில் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. கன்னத்து மங்கு எவ்வளவு பெரிது என்று அளந்து பார்க்கத்தான் வருகிறார்கள் என்று மிரான் முடிவு கட்டினாள், போன வெள்ளிக்கிழமை லேசர் போட்டுக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய குளியலறை அலமாரியில் ஒரு காலணிப் பெட்டி நிறைய இலவச சாம்பிள்கள் இருந்தன. லேசரும் நல்லது, க்ரீமும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு நல்லதுதானே என்று கணக்குப் போட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆலோசகி திட்டியதும் ரெட்டினாலை நிறுத்தினாள். எரிச்சல் நிற்கவில்லை. புதன்கிழமை பெட்டியில் வைட்டமின் சி அகப்பட்டது.

"ஆரஞ்சுல இருக்கறதுதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்று பூசினாள். ஐந்தாவது நிமிடம் கையால் விசிறிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள்.

கணவர் தொக்சு செய்தித்தாளைத் தாழ்த்தினார். "என்னடி, அவிச்ச இறால் மாதிரி இருக்கே?"

"நீங்க பேசாம இருங்க!"

வியாழக்கிழமை தோல் உரிந்தது. உரிவதைத் தேய்த்து எடுத்துவிட்டால் புதுத் தோல் வந்துவிடும் என்று பெட்டியிலிருந்த, பழ அமிலம் தோய்த்த பஞ்சுத் துண்டால் தேய்த்தாள். பெற்ற தாயே தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது சோயாப் பயறு இருந்த இடத்தில் கரிய மொச்சை உட்கார்ந்திருந்தது.

"அம்மா!" என்று அலறினாள் செயோன். "என்னம்மா பண்ணி வச்சிருக்கே? கியுவோன் வீட்டுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"சளின்னு சொல்லு. முகக்கவசம் போட்டுக்கறேன்."

"சாப்பாட்டுக்குத்தாம்மா கூப்பிட்டிருக்காங்க! மூக்கால சாப்பிடுவியா?"

பவுடரை அப்பிப் பார்த்தார்கள். அது செதில் செதிலாக எழும்பி நின்றது. செயோன் அழ ஆரம்பித்தாள். மிரானுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. காலணிப் பெட்டியை அப்படியே குப்பையில் போட்டாள், பிறகு இரண்டு பாக்கெட்டை மட்டும் திரும்ப எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை உணவகத்தின் தனியறையில் எல்லோரும் குனிந்து வணங்கி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வணக்கத்துக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அம்மாவோ மிரானின் முகக்கவசத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்சிப்பிக் கஞ்சி வந்தது.

"ஆறிடும் சம்பந்தியம்மா, சாப்பிடுங்க."

"லேசா சளி..."

"சளிக்குக் கஞ்சிதானே மருந்து! அதைக் கழட்டிட்டு வசதியாச் சாப்பிடுங்க."

மேசைக்கடியில் செயோன் அம்மாவின் காலை உதைத்தாள். தொக்சு கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மிரான் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

மாப்பிள்ளையின் அம்மா கைப்பேசியை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, படத்தையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பார்த்தீங்களா? படத்துல இருக்கறதைவிடப் பெருசு!"

மகள் கல்யாணம் தன் கன்னத்தாலேயே போயிற்று என்று மிரான் முடிவே கட்டிவிட்டாள். மேசையில் நெற்றி படக் குனிந்தாள். "மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா. சிகிச்சை நடக்குது. இன்னும் ஒன்பது தடவை லேசர் இருக்கு. கல்யாணத்துக்குள்ள சுத்தமாப் போயிடும், சத்தியமா!"

"போயிடுமா?" மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. கையிலிருந்த கரண்டி கஞ்சியில் விழுந்தது.

அதுவரை பேசாதிருந்த மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க சம்பந்தியம்மா. முகராசி பார்க்கறவர் நீங்க அனுப்பின படத்துல அந்த அதிர்ஷ்டப் புள்ளியைப் பார்த்துத்தான் இந்த வீட்டுப் பொண்ணை எடுக்கச் சொன்னார். போன வருஷம் வந்த இடத்துல பொண்ணோட அம்மாவுக்கு முகம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு, அதனாலதான் வேண்டாம்னுட்டோம்."