சர்வரில் இடமில்லை

"இடமில்லைங்குது சார். சம்பளம் போட மாட்டேங்குது" என்றார் கணக்குப் பிரிவு அக்கா.

சம்பள நாளில் கேட்கக்கூடிய வார்த்தையா இது. அலுவலகம் முழுவதும் 'சிஸ்டம்' என்றே அழைக்கும் கம்ப்யூட்டர்காரர், டிஸ்க்கைக் கவனிக்கும் மென்பொருளைத் திறந்தார். அத்தனை பேருக்கும் பொதுவான சர்வர் டிஸ்க்குக்கு நேராக, நிரம்பிவிட்டதைக் காட்டும் சிவப்புக் கோடு. நேற்று மதியம் பாதி காலியாக இருந்த டிஸ்க் அது.

மேனேஜருக்கு அதற்குள் விஷயம் போய்விட்டது.

"சாயந்தரத்துக்குள்ள எல்லாருக்கும் சம்பளம் போகணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வெளியாளை வெச்சுப் பாத்துக்கறேன். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

சிஸ்டம் மனசுக்குள் கணக்குப் போட்டார். மகளைக் கல்லூரியில் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் ரெஸ்ட் எடுத்தால் வீட்டில் அடுப்பும் சேர்ந்து ரெஸ்ட் எடுக்கும்.

எல்லோருக்கும் ஒரு மெயில் தட்டினார்: 'சர்வரில் இடம் தீரப் போகிறது. வேண்டாதவற்றை அழிக்கவும்.'

சிறிது நேரத்தில் இருந்த துளி இடமும் காணாமல் போனது. டிசைன் பிரிவுக்கு ஓடினார்.

"என்னப்பா ஏத்திக்கிட்டிருக்கே?"

"மச்சான் கல்யாண வீடியோ சார்."

"அது எதுக்கு இங்க?"

"இடம் தீரப் போகுதுன்னீங்களே. நம்ம பிரிவுக்கு இடம் பிடிச்சு வெச்சேன். பின்னாடி வேலைக்கு வேணும்போது எடுத்துக்கலாம்."

பஸ்ஸில் துண்டு போடுகிற ஜாதி. அலுவலகம் முழுக்கத் துண்டு விழுந்திருந்தது.

சிஸ்டம் கறாராக இன்னொரு மெயில் போட்டார்: 'மூன்று மணிக்கு, ஓராண்டுக்கு மேல் பழைய ஃபைல்கள் தானாக அழிக்கப்படும்.'

அவ்வளவுதான். அத்தனை பேரும் பழைய ஃபைல்களைத் தோண்டியெடுத்து, புதுப் பெயரில் சேமிக்கத் தொடங்கினார்கள். பழையதும் போகவில்லை, புதியதும் நுழையப் பார்த்தது. சர்வர் முக்கி முனகி ஒரேயடியாக நின்றுவிட்டது.

"சார், சம்பளம் வருமா வராதா?" என்று அக்கா வாசலில் வந்து நின்றார். "வீட்ல பதில் சொல்லணும்."

"வரும்க்கா. என் தலையை அடகு வெச்சாவது வரவெக்கறேன்."

அலமாரியைக் குடைந்து, பிரிக்காத பெட்டியில் கிடந்த பெரிய டிஸ்க் ஒன்றை எடுத்தார். சர்வரில் மாட்டி, மீண்டும் ஓடவிட்டு, பழைய டிஸ்க்கோடு அதன் இடத்தையும் சேர்த்தார். சிவப்புக் கோடு பச்சையானது. சிஸ்டத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"போடுங்கக்கா சம்பளத்தை."

அக்கா சம்பள புரோகிராமைத் திறப்பதற்குள் பச்சைக் கோடு மளமளவென்று நீண்டது. சிஸ்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சிவப்பைத் தொட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து இந்த வேலை நடக்கிறது என்று தேடினார். மேனேஜர் அறை.

கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே நுழைந்தார்.

"சார், இப்ப என்ன சார் பண்றீங்க?"

"நீங்க கை வெச்சா எது மிஞ்சும்னு சொல்ல முடியாது. அதான் திங்கட்கிழமையிலேர்ந்து தினமும் சர்வர் மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்து வெக்கறேன்."

"எதுல சார் வெக்கறீங்க?"

மேனேஜர் பெருமையாக நாற்காலியில் சாய்ந்தார்.

"சர்வர்லயேதான். முந்தின நாள் எடுத்த காப்பியையும் சேர்த்தே எடுக்கறேன். நேத்து பாதியில இடமில்லைன்னு நின்னுடுச்சு, நீங்க புது டிஸ்க் போட்டதும் இன்னிக்கு ஜோரா போகுது."