கறுப்புக் கண்ணாடி அணியும் தள்ளிநில்லு அண்ணனும்

இந்த நாட்டில் கொரோனா போய்விட்டதற்காக வருத்தப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஊர் மஸ்கெலியாவின் தள்ளிநில்லு அண்ணன்தான். ஊரே முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மூச்சு விட்டபோது, அவர் மட்டும் வேலை போனவரைப் போல பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குத் தொழில் ஒலிபெருக்கி வாடகை. திருவிழா, கல்யாணம், சாவு, தேர்தல் எதுவானாலும் அவருடைய ஆட்டோவின் கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் ஏறும். கொரோனா நேரத்தில் சுகாதாரத் துறைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் “தள்ளி நில்லுங்க, கை கழுவுங்க” என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார். பிறகு, நிறுத்தச் சொல்ல அவர்கள் மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஒருமுறை ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரோ எழுந்திருக்கப் போகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாராம்.

எங்கள் மைதானத்தில் எந்த மெட்ச் நடந்தாலும் வர்ணனை அவர்தான். நான் ஸ்கோர் எழுதுகிறவள் என்பதால் எனக்கும் அவருக்கும் ஒரே கூடாரம். கிரிக்கெட் அவருக்கு அரைகுறை. எல்.பி.டபிள்யூ. என்பது ஏதோ அரசாங்கத் திணைக்களம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மைதானத்தின் எந்த மூலையில் யார் தும்மினாலும் தெரிந்துவிடும்.

“பந்து வருது... அடிச்சாரு... நாலு. நல்ல ஷொட். அந்த மரத்தடியில நீல ஜம்பர் போட்ட அண்ணே, தும்முறீங்க, சரி. முழங்கைய மடக்கித் தும்முங்க. பக்கத்துல இருக்கவங்க ரெண்டடி தள்ளி நில்லுங்க. அடுத்த பந்து...”

நீல ஜம்பர் அண்ணனைப் பார்க்க அன்றைக்குத்தான் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். கல்யாணம் என்னவோ நடந்தது. மைக்செட்டுக்கு மட்டும் ஹட்டனிலிருந்து ஆள் பிடித்தார்கள்.

பந்தில் எச்சில் தொட்டுத் தேய்க்கும் பௌலர்களை அவர் விட்டுவைத்ததே இல்லை. “ஏன்டா தம்பி, அது என்ன டொபியா?” என்று மலை நான்கும் எதிரொலிக்கக் கேட்பார். எதிரணிப் பையன் ஒருவன் அடுத்து எறிந்த ஆறு பந்தும் வைட்.

பூசாரியோடு நடந்த சண்டை தனி. மெட்ச்சுக்கு முன்னால் எங்கள் பையன்கள் வரிசையில் நிற்க, பூசாரி திருநீறு இட்டுவிடுவது வழக்கம்.

“சாமி, ஒரே வெரலு, பதினோரு நெத்தி. கரண்டியில குடுங்க, அவங்களே பூசிக்கட்டும்.”

“கரண்டியில குடுத்தா அது திருநீறு இல்ல தம்பி, சீனி.”

கடைசியில் சமாதானமானார்கள். ஒவ்வொரு நெற்றிக்குப் பிறகும் பூசாரி விரலைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஈர விரலில் திருநீறு சாந்தாகக் குழைந்து, எங்கள் அணி வெள்ளையடித்த சுவர் மாதிரி மைதானத்தில் இறங்கியது. அன்றைக்கு ஜெயித்துத் தொலைத்தோம். அடுத்த வாரம், “தம்பி, அந்தத் தண்ணி எங்க?” என்று பூசாரியே கேட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கொழும்பிலிருந்து ஒரு கிளப் எங்களோடு விளையாட வந்தது. சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள். முதல் மெட்ச் எங்கள் ஊரில், மறுநாள் மெட்ச் ஹட்டனில். ஆனால் அவர்களுடைய கோச் முதல் நாள் மாலையே கொழும்புக்கு இறங்கிவிடுவார். அதற்குள் அவர் பார்க்க வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான்: எங்கள் லோகேஸ்.

லோகேஸ் தோட்டத்து மேல் டிவிசன் லயத்துப் பையன்; தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீசும் பந்தைப் பிடிக்கிற கீப்பர், பந்தோடு சேர்ந்து பின்னாலிருக்கும் தேயிலைக்குள் போய் விழுவான். பிடித்திருந்தால் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகக் கோச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் சேலைதான். இரண்டாம் முறை மலையேறுகிற ஆளில்லை அவர்.

அந்த வாரம் பார்த்து லயங்களில் கண்நோய். மெட்ச் அன்று காலை லோகேஸ் வந்தான். இரண்டு கண்ணும் தக்காளி.

போட்டிக் குழுத் தலைவர், கடைத்தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், பதறவே இல்லை. “கூலிங் கிளாஸ் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

“இவன் மட்டும் போட்டா தெரியுமே, நானா” என்றான் கெப்டன்.

“அப்ப எல்லாரும் போடுங்க.”

இப்படியொரு மூளை நாட்டுக்குப் பயன்படாமல் ஆணி விற்றுக்கொண்டிருக்கிறதே என்று நாங்கள் வியந்தோம்.

ஆக, நீர்த்தேக்கத்திலிருந்து எழுந்த மூடுபனி மைதானத்தை மூடி, எதிரே நிற்கிற ஸ்டம்பே நிழலாகத் தெரிகிற காலை வேளையில், எங்கள் அணி கறுப்புக் கண்ணாடியோடு பயிற்சிக்கு இறங்கியது. கெப்டன் ரோலரில் மோதிக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டான். இதில் ஒரு சிறிய சிக்கல். ஊரெல்லாம் தேடியும் கிடைத்தவை ஆறு கண்ணாடிகள்தான். கேட்ச் பிடிக்கப் போகிறவன், பிடித்துவிட்டு வருகிறவனிடம் வாங்கி மாட்டிக்கொள்வான். லோகேஸ் கண்ணிலிருந்து கெப்டன் கண்ணுக்கு, அங்கிருந்து கீப்பர் கண்ணுக்கு என்று நோய்க்கு இலவச பஸ் விட்டிருந்தோம்.

தள்ளிநில்லு அண்ணன் அப்போது மைக்கில் இருந்தார். “நம்ம பசங்க இன்னைக்கு கறுப்புக் கண்ணாடியோட... வெயில் எந்தப் பக்கம்னு தெரியல...” என்றவர் பாதியில் நின்றார். டக்கென்று ஒரு சத்தம். மைக்கை அணைத்துவிட்டார். அந்தச் சத்தத்தை ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. எல்லோரும் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இறங்கிப் போய் லோகேஸைக் கூடாரத்தின் பின்பக்கம் கூப்பிட்டார். எனக்குக் கேட்கிற தூரம்தான்.

“கழட்டு.”

கழற்றினான்.

“அண்ணே, கோச் இன்னைக்கு மட்டுந்தான் இருக்காரு.”

“தெரியும்.”

“பந்து போடாத நேரம் நான் பவுண்டரியில ஓரமா நிக்கிறேன். யார்கிட்டயும் போகமாட்டேன்.”

“பந்து போகுமேடா. உன் கையிலேருந்து கீப்பர் கைக்கு, அங்கேருந்து அவங்க பசங்க கைக்கு. கண்ண எல்லாரும் கசக்கத்தான் செய்வாங்க. வெளையாண்டாத்தான் அவங்களுக்குச் சம்பளம். அவங்க பொழப்பு போயிரும்.”

“அப்ப என் பொழப்பு?”



அண்ணன் கூடாரத்துக்குத் திரும்பி மைக்கைப் போட்டார். அக்கம்பக்கத்துத் தும்மலையெல்லாம் பெயர், ஊர், ஜம்பர் நிறத்தோடு அறிவித்தவர், “லோகேஸுக்கு முதுகுப் பிடிப்பு. இன்னைக்கு வெளையாட மாட்டாரு” என்று ஊருக்கே பொய் சொன்னார். பிறகு, “கண்ணாடிய எல்லாம் இந்தச் சோப்புத் தண்ணி வாளியில போடுங்க, கையையும் கழுவுங்க. காரணம் கேக்காதீங்க” என்றார்.

மெட்ச்சில் தோற்றோம். எப்படித் தோற்றோம் என்று எழுதினால் கெப்டன் வருத்தப்படுவான். வர்ணனையிலும் உயிரில்லை. இரண்டு பேர் தும்மினார்கள். அண்ணன் கவனிக்கவே இல்லை.

முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கோச்சிடம் போனார். “தங்கச்சி, சிங்களத்துல சொல்லு. முதுகுன்னு சொல்லாத. கண்ணு நோய்னே சொல்லு. எட்டத்துல நின்னு பாத்தா ஒண்ணும் ஒட்டாதுன்னும் சொல்லு.”

சொன்னேன். கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “பத்து நிமிசம்” என்றார்.

காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களம் ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. கோச் மேலே ரோட்டில் வேனில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் நான். கீழே லோகேஸ், கையில் ஒரு பந்து. ஸ்டம்ப் நட்டாயிற்று. பந்தைப் பிடிக்க ஆள் வேண்டுமே. எங்கள் கீப்பர் இறங்கப் போனான்.

“நாளைக்கு உங்களுக்கு ஹட்டன்ல மெட்ச் இருக்கு. ஒருத்தனும் அந்தப் பந்தைத் தொடக்கூடாது” என்று தடுத்துவிட்டு, தள்ளிநில்லு அண்ணன் தானே இறங்கினார். வயரிங் வேலைக்கு வைத்திருந்த ரப்பர் கையுறை, தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கோச் தூரத்தில் இருக்கிறாரே என்று கழுத்தில் கம்பியில்லா மைக். வாழ்க்கையில் அதற்குமுன் அவர் ஒரு பந்தைப் பிடித்ததில்லை.

“லோகேஸ் ஓடி வாறாரு... போடுறாரு...” தொப்பென்று ஒரு சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது. “...நெஞ்சுல. நல்ல பந்து. நேரா வந்திச்சு.”

அடுத்தது. “இது உள்ளுக்குத் திரும்பி... முட்டி. இடது முட்டி.”

“அண்ணே, நிப்பாட்டிருவோம்” என்றான் லோகேஸ்.

“போடுடா. கோச் அவர்கள் கவனிக்கவும். அடுத்த பந்து வேகம் கூடும்னு நெனைக்கிறேன்.” ஹெல்மெட்டில் டங்கென்று ஒரு சத்தம். “கூடிருச்சு.”

நடுவே ஹெல்மெட்டைத் தூக்கி, அந்தக் கையுறையாலேயே கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைத்தார். ஊருக்கே படித்துப் படித்துச் சொன்னவர் செய்த காரியம் அது. பலன், மறுவாரம் அவருக்கும் தக்காளிதான். மஸ்கெலியா ஒரு வாரம் அமைதியாக இருந்தது. எல்லோரும் இஷ்டத்துக்குத் தும்மினோம். ஆனால் யாரும் கவனிக்காத தும்மலில் ஒரு ருசியும் இல்லை.

அன்றைக்குப் பத்து நிமிடம் அரைமணி நேரமானது. கோச் கைக்கடிகாரத்தை மறந்திருந்தார். கண் சரியானதும் பையனைக் கொழும்புக்கு அனுப்பிவைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறப்போனவர், மறுபடி களத்தைப் பார்த்தார். லோகேஸ் அந்தக் கோடியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் இந்தக் கோடியில் கையுறையைக் கழற்றி, வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தார்.

“அது பையனோட அப்பாவா?” என்று கோச் சிங்களத்தில் கேட்டார்.

இல்லை என்றேன்.

“அப்ப யாரு?”

ஒலிபெருக்கிக்காரர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அபே கெனெக்” என்றேன். எங்க ஆளு.