தக் சொல்லாத தக்கண்ணை

ஒஸ்லோவில் குடை இல்லாமல் வாழலாம், பனியில் வழுக்கி விழாமல்கூட ஒரு மாரிகாலத்தைக் கழித்துவிடலாம். ‘தக்’ சொல்லாமல் மட்டும் ஒரு நாளும் வாழ முடியாது. அப்படி வருடக்கணக்காக வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் தக்கண்ணை.

தக் என்றால் நொர்வேஜிய மொழியில் நன்றி. பஸ்ஸில் ஏறினால் தக், இறங்கினால் தக். சாப்பிட்டு எழும்பினால் சமைத்தவருக்குச் ‘சாப்பாட்டுக்குத் தக்’. போன மாதம் சந்தித்தவரை மறுபடி தெருவில் கண்டால் ‘போன முறைக்குத் தக்’. போன முறை சண்டை பிடித்துப் பிரிந்திருந்தாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நானும் அண்ணையும் ஒரு பெரிய அலுவலகத்தின் சமையலறையில் வேலை செய்தோம். எனக்குச் சலாட் வெட்டுகிற மேசை, அவருக்குப் பாத்திரம் கழுவுகிற இயந்திரம். எங்கள் இருவருக்கும் மேலே பியோர்க் என்ற தலைமைச் சமையல்காரி. அவர் போட்ட சாப்பாட்டை நாங்கள் எல்லோரும் தக் சொல்லிச் சாப்பிட்டோம். அண்ணை சாப்பிட்டதோடு சரி.

“அண்ணை, ஒருக்காச் சொன்னா வாய் தேய்ஞ்சே போகும்?” என்று கேட்டேன்.

“பிள்ளை, உம்மட அம்மா சோறு போட்டா நன்றி எண்டு சொல்லுவீரே?”

“அகப்பைக் காம்பால அடிப்பா.”

“அதுதான் சொல்லுறன். நன்றி வெளியாளுக்குச் சொல்லுறது. நாள் முழுக்க முகம் பாக்கிற சனத்துக்குச் சொன்னா, நீ எனக்கு ஆரோ எண்டு சொன்ன மாதிரி.”

தக்குக்குப் பதிலாக அவரிடம் ஒரு செய்கை இருந்தது. வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஒரு பக்கம் சரிப்பார். அவருடைய வீட்டருகே கடையில் காசு வாங்குகிற பெண் இதைத் தினமும் பார்த்துப் பார்த்து, கடைசியில் கழுத்து நோவுக்கு நல்ல டொக்டர் ஒருவரைச் சொன்னாளாம். அதற்கும் அண்ணை நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சரித்திருக்கிறார்.

சொல்லாத மனிதருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்பீர்கள். சொல்லவில்லையே தவிர, அந்தச் சொல் அவரைப் பேயாகப் பிடித்திருந்தது. அகதியாக வந்து முதலில் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிய காலத்திலேயே பிடித்துவிட்டது. “மீனை வெட்டினாலும் தக் எண்டுவாங்கள், கையை வெட்டிக்கொண்டு போய் நிண்டாலும் சொன்னதுக்குத் தக் எண்டுவாங்கள். அப்பிடி என்னதான் இருக்கு இந்தச் சொல்லுக்குள்ள?” என்பார். ஐரோப்பியர் யாரைக் கண்டாலும் பிடித்து நிறுத்தி விசாரிப்பார்.

போலந்துக்காரர் ஒஸ்லோவுக்கு வந்து குவிந்த காலம் அது. மாரெக் என்ற இளைஞன் அண்ணைக்கு உதவிக்கு வந்தான். முதல் நாளே ஒரு தட்டு அடுக்கை முழுதாக உடைத்தான். அண்ணை நொர்வேஜிய மொழியில் கத்தினார், “கண் தெரியேல்லையே?”

“தக், தக்,” என்றான் மாரெக்.

“மூளை இருக்கே?”

“தக்!”

அண்ணை என்னிடம் ஓடி வந்தார். “பிள்ளை, ஏசுறதுக்கும் நன்றி சொல்லுறான். இவன் நொர்வேஜியனையே வெண்டிடுவான்!”

போலந்து மொழியில் தக் என்றால் ‘ஓம்’, அதாவது ‘ஆமாம்’ என்று மாலையில்தான் தெரிந்தது. அண்ணைக்கு அன்று வேலை ஓடவில்லை. அடுத்ததாக, கேக் செய்கிற ஒல்லாந்துப் பெண்ணைப் பிடித்தார். அவளுடைய மொழியில் தக் என்றால் மரக்கிளையாம். பியோர்க்கோ முகட்டைக் காட்டி, கொஞ்சம் நீட்டிச் சொன்னால் எங்களுக்கு அது கூரை என்றார்.

“கிளை, கூரை, ஓம், நன்றி! ஒரே சத்தத்தை வைச்சுக்கொண்டு ஐரோப்பா முழுக்கக் குடும்பம் நடத்துதுகள்,” என்றார் அண்ணை. பிறகு ஒல்லாந்துப் பெண்ணைப் பார்த்துத் தமிழில், “உங்கட ஆக்கள் யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டி இருந்தவை. கக்கூஸ் எண்ட சொல்லைத் தந்திட்டுப் போச்சினம். கிளையைத் தரேல்லை,” என்றார். அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். உங்கள் நாட்டைப் புகழ்கிறார் என்றேன்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த மாதக் கடைசியோடு தான் ஓய்வு பெறுவதாகப் பியோர்க் அறிவித்தார். அன்று அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த காலத்தில், தன் விடுமுறை நாட்களில் அண்ணையை அலுவலகம் அலுவலகமாகக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் பியோர்க். மனைவி வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்குக் கார் ஓட்டியவரும் அவர்தான். அன்றும் அண்ணை நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சரித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

“பஸ் ட்ரைவருக்குச் சொல்லுற அதே சொல்லை எப்பிடி அவவுக்குச் சொல்லுறது?” என்றார்.

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அங்கிருந்த அம்மையார் தடித்த அகராதிகளைப் புரட்டிப் பார்த்து விளக்கினார். கிளையும் கூரையும் போலந்தின் ஓமும் வேறு வேறு வேரில் வந்தவை. தக்குக்கு அவை ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் போலந்துக்காரர் நன்றிக்குச் சொல்லும் ‘ஜெங்குயே’ என்ற சொல் ஜெர்மன் வழியாகப் போன இரத்த உறவு. “சாயல் இருக்கிறவன் சொந்தமில்லை, சாயலே இல்லாதவன் ஒண்டுவிட்ட தம்பி! எங்கட கலியாண வீடு மாதிரியெல்லோ கிடக்கு,” என்று அண்ணை குதூகலித்தார். சரி, தக்கின் தாய்வேர் எது என்று கேட்டோம். நினைப்பது என்ற சொல்லோடு பிறந்தது என்றார் அம்மையார். ஒருவர் செய்ததை மனதில் வைத்திருப்பதுதான் பழைய தக்.

ட்ராமில் வரும்போது அண்ணை வெற்றிக் களிப்பில் இருந்தார். “பாத்தீரே? நினைச்சாப் போதும். நான் அவவை நினைக்காத நாளில்லை. எங்கட ஆள் மாதிரித்தான் வைச்சிருக்கிறன். அதாலதான் சொல்லேல்லை.”

“அது அவவுக்கு எப்பிடியண்ணை தெரியும்?”



பியோர்க்கின் கடைசி நாளன்று அண்ணை ஒரு பையோடு வந்தார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கார்னேஷன் பூக்களைத் தன் கையாலேயே கோத்த மாலை. அதில் பொன்னெழுத்து அச்சிட்ட ஒரு பட்டு நாடா.

“பூக்கடைப் பெட்டையிட்டை, எங்கட தலைவி எங்களை விட்டிட்டுப் போறா, இனி வரமாட்டா, இருக்கிறதுக்குள்ளயே பெரிய தக் எது எண்டு கேட்டனான். பெட்டை கண் கலங்கி என்ர கையைப் பிடிச்சவள், பிள்ளை. ஓய்வு எடுக்கிறதெண்டா இந்தச் சனத்துக்கு இவ்வளவு துக்கமே!”

எனக்கும் எதுவும் உறைக்கவில்லை. கேக் வெட்டும் நேரம் அண்ணை முன்னால் போய் மாலையைப் பியோர்க்கின் கழுத்தில் போட்டார். நாடா அவர் வயிற்றுக்கு நேரே விரிந்து நின்றது: ‘தக் ஃபோர் அல்த்’. எல்லாவற்றுக்கும் நன்றி.

நொர்வேஜியர் அத்தனை பேரும் உறைந்து போனார்கள். அந்த வாசகத்தை அவர்கள் சவப்பெட்டி மேல் வைக்கும் மலர்வளையத்திலும் கல்லறைக் கல்லிலும்தான் எழுதுவார்கள் என்று ஒருவர் என் காதில் சொன்னார். நான் தமிழில் அதை அண்ணையின் காதில் போட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. விஷயம் தெரியாத மாரெக் மட்டும் கை தட்டி, “தக்! தக்!” என்றான்.

பியோர்க் நாடாவைத் தூக்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். “நான் இன்னும் சாகவில்லையே!” என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “ஆனால் இதை யாருக்காக எழுதுகிறோமோ, அவர் ஒருபோதும் வாசிப்பதில்லை. நான் வாசித்துவிட்டேன்.”

அப்போதுதான் அண்ணை வாயைத் திறந்தார். “தக்,” என்றார். “என்ர மனிசியைக் கொண்டு வந்து தந்ததுக்கு.”

பியோர்க் வலது கையை நெஞ்சில் வைத்து, தலையை ஒரு பக்கம் சரித்தார்.

அதற்குப் பிறகு அண்ணை வேறு யாருக்கும் தக் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது மகனோடு மேற்குக் கரையில், ஸ்தவாங்கரில் இருக்கிறார். அந்தப் பக்கம் போனால் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாப்பிட்டு எழும்பும்போது வேண்டுமென்றே, “சாப்பாட்டுக்குத் தக், அண்ணை,” என்பேன்.

“ஆருக்குச் சொல்லுறீர்? வெளியாளே நீர்?” என்று பாய்ந்து விழுவார்.

அந்த ஏச்சை வாங்கத்தான் அவ்வளவு தூரம் போகிறேன்.